அப்பாவின் ஸ்டென்டும் பிரிக்காத மாத்திரை அட்டைகளும்

வணக்கம் உறவுகளே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் செம்பனை தெரிகிற இடத்தில் முன்பு பால்மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள் நின்றன; அப்பா முப்பது ஆண்டுகள் அங்கேதான் பால் எடுக்க மரம் வெட்டினார். ஏழு மாதங்களுக்கு முன், மேட்டில் நடந்தாலே அவருக்கு நெஞ்சு இறுகியதால், ஈப்போவில் மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, இதய இரத்தக் குழாயின் அடைப்பைப் பலூனால் விரித்து, அந்த இடத்தைத் திறந்தே வைத்திருக்க ஒரு ஸ்டென்ட், அதாவது சிறிய கம்பி வலைக் குழல் வைத்தார்கள். சென்ற மாதம் அம்மா பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார்: இரண்டு மாத மாத்திரைகள் அட்டை பிரிக்கப்படாமல் கிடந்தன. "அடைப்பத்தான் எடுத்துட்டாங்களே, இன்னும் எதுக்குய்யா மருந்து?" என்று அப்பா கேட்டார். நான் கோபப்பட்டேன், அது தவறு. அவருடைய கேள்வியைத்தான் ஆய்வாளர்களும் பல ஆண்டுகளாகக் கேட்டிருக்கிறார்கள்.

1977 செப்டம்பரில் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற மருத்துவர் முதன்முதலாக இதய இரத்தக் குழாயின் அடைப்பைப் பலூனால் விரித்தார். மாரடைப்பு வந்துகொண்டிருக்கும் நேரத்தில் இந்த முறை உயிரைக் காக்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் அப்பாவைப் போல, நடந்தால் வலித்து, உட்கார்ந்தால் அடங்குகிற நிலையான நெஞ்சுவலி உள்ளவர்களின் கதை வேறு. 2007-இல் வெளியான கரேஜ் ஆய்வில் 2,287 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு நல்ல மருந்துகளோடு ஸ்டென்டும், மற்றவர்களுக்கு அதே மருந்துகள் மட்டுமே கொடுத்தும் பார்த்தபோது, மரணமோ மாரடைப்போ ஸ்டென்ட் வைத்தவர்களிடம் குறையவில்லை. 2020-இல் 5,179 பேரைக் கொண்ட இஸ்கீமியா ஆய்வும் பெரும்பாலும் அதையே காட்டியது. இதயத்தின் இடது முதன்மை இரத்தக் குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்கள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என்னை மிகவும் நிறுத்தி யோசிக்க வைத்தது 2017-இல் லண்டன் மருத்துவர் ரஷா அல்-லாமி தலைமையில் வந்த ஓர்பிட்டா ஆய்வு. 200 நோயாளிகள், எல்லாரையும் மயக்க மருந்து கொடுத்து மேசையில் படுக்க வைத்து, காதில் இசை கேட்கும் கருவியை மாட்டினார்கள். பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். மீதிப் பேருக்கு எதுவும் வைக்காமல், குறைந்தது பதினைந்து நிமிடம் அப்படியே படுக்க வைத்துவிட்டு அனுப்பினார்கள். யாருக்கு எது நடந்தது என்பது நோயாளிக்குத் தெரியாது. ஆறு வாரம் கழித்து நடைப்பொறியில் நடக்க வைத்தபோது, நடக்கும் நேரம் கூடியதில் இரு தரப்புக்கும் இடையே இருந்த வேறுபாடு 16.6 விநாடிதான், அதை உறுதியான பலன் என்று சொல்ல முடியவில்லை. அதற்காக ஸ்டென்ட் வீண் என்று எண்ணிவிடாதீர்கள். 2023-இல் 301 பேரிடம், நெஞ்சுவலி மாத்திரைகளை நிறுத்திவிட்டு அதே குழுவினர் மீண்டும் சோதித்தபோது, ஸ்டென்ட் வலியைத் தெளிவாகக் குறைத்தது. ஆனாலும் பலருக்கு வலி முழுவதும் விடவில்லை.

அப்பாவுக்கு நான் இப்படித்தான் விளக்கினேன். ஸ்டென்ட் ஓர் இடத்தைத் திறந்து வைத்திருக்கிறது, ஆனால் கொழுப்புப் படிவு குழாய் நெடுகிலும் இருக்கிறது. அதிகம் குறுகாத ஓரிடத்தில் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்தாலும் மாரடைப்பு வரும். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை அந்தப் படிவுகளுக்காக. இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையை, அதுவும் வைத்த முதல் மாதங்களில், தானாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறைந்து அடைத்துவிடலாம். இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

எந்த மாத்திரையை எத்தனை மாதம் சாப்பிட வேண்டும் என்பதை உங்கள் மருத்துவரே சொல்ல வேண்டும். கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்து அடங்காவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 999-ஐ அழையுங்கள்.

மறுநாளே அப்பாவை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். பிஸ்கட் டின்னையும் மடியில் வைத்துக்கொண்டுதான் அவர் காரில் உட்கார்ந்திருந்தார்.