பதினைந்து நிமிடத்துக்கு ஒரு விளையாட்டு

வணக்கம் நேயர்களே. மக்கள் இப்போது என்ன வீடியோ கேம் விளையாடுகிறார்கள், அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் விமர்சகன் இல்லை. இங்கே சிங்கப்பூரில் ஒரு கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவன். அதனால் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தேன். மாணவர்கள், சொந்தக்காரர்கள், காப்பிக்கடையில் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவர் என்று ஒருவரையும் விடவில்லை.

கேமின் பெயரை மட்டும் சொல்லி யாரும் நிறுத்தவில்லை. "எம்எல், ரயில்ல." "ஸ்டார்டியூ, நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து." "பிஎஸ்5 கேம் பெட்டி இருக்கு அண்ணா, நேரம்தான் இல்ல." பெயர் வாயில் வரும்போதே நேரமும் கூட வந்துவிடுகிறது. படம் எவ்வளவு அழகு, கதை எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் அப்புறம்தான். ஒருவருக்கு ஒரு நாளில் எந்த இடத்தில் எத்தனை நிமிடம் கிடைக்கிறதோ, அதற்குப் பொருந்தும் கேமைத்தான் அவர் விளையாடுகிறார் என்பது என் எண்ணம்.

முதலில் எம்எல். மொபைல் லெஜண்ட்ஸ் என்று முழுப் பெயரைச் சொன்னால் என் மாணவர்கள் சிரிப்பார்கள். மாலையில் வடக்கு-தெற்கு ரயிலில் ஏறிப் பாருங்கள், கைப்பேசியைக் குறுக்கே பிடித்து இரண்டு கட்டைவிரலாலும் தேய்த்துக்கொண்டிருப்பவர்களில் பலர் அதில்தான் இருப்பார்கள். ஷாங்ஹாயைச் சேர்ந்த மூன்டன் நிறுவனம் 2016ல் வெளியிட்ட விளையாட்டு. அணிக்கு ஐந்து பேர், மூன்று பாதைகள், பாதை நெடுகக் கோபுரங்கள். எதிரணியின் தளத்தை இடித்தால் வெற்றி. ஓர் ஆட்டம் ஏறக்குறைய கால் மணி நேரம். யீஷூனில் ஏறியவருக்கு பீஷான் வருவதற்குள் ஒன்று முடிந்தாலும் முடியும்.

முடியவில்லை என்றால்தான் சிக்கல். இதை நடுவில் நிறுத்திவைக்க முடியாது. விட்டுப் போனால் மற்ற நால்வரும் திண்டாடுவார்கள், உங்கள் நடத்தைக்கான கிரெடிட் மதிப்பெண்ணும் குறையும். அதனால்தான் பீஷானில் இறங்கி, வட்டப் பாதை ரயிலுக்கு மாறாமல் தூணில் சாய்ந்துகொண்டு, வருகிற ரயிலையெல்லாம் விட்டுக்கொண்டிருக்கும் பையன்களைப் பார்க்க முடிகிறது. சுரங்கத்தில் இணைப்பு போய்விட்டால் அவர்கள் முகம் போகிற போக்கைச் சொல்லி மாளாது.

சரி, பிடித்திருக்கிறதா என்று கேட்டால் ஒருவரும் ஆமாம் என்று சொல்வதில்லை. எல்லாரும் திட்டுகிறார்கள். "எபிக்ல மாட்டிக்கிட்டேன் சார். டேங்க் எடுக்க ஒருத்தனும் வரமாட்டான், எல்லாருக்கும் மார்க்ஸ்மேன் ஆகணும்" என்றான் ஒரு மாணவன். டேங்க் என்றால் முன்னால் நின்று அடி வாங்குபவர், மார்க்ஸ்மேன் என்றால் தூரத்திலிருந்து சுடுபவர். எபிக் என்பது தகுதி வரிசையில் ஐந்தாம் படி. அதற்கு மேல் லெஜண்ட், மித்திக் என்று இருக்கின்றன. சொல்லி முடித்த கையோடு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டான். முன்பின் தெரியாத நால்வரை இவ்வளவு சீக்கிரம் வெறுக்க வைக்கும் விளையாட்டை நான் வேறு பார்த்ததில்லை. ஆனால் அதே நால்வர் ஒரு கோபுரத்தை ஒன்றாகச் சேர்ந்து காப்பாற்றிவிட்டால் வரும் மகிழ்ச்சியும் உண்மை. இதன் உலகப் போட்டி 2021ல் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இரண்டு முறை சிங்கப்பூரில் நடந்தது. இரண்டு முறையும் கோப்பையைக் கொண்டுபோனது பிலிப்பீன்ஸ் அணிகள்.

என் வயதுக்காரர்களுக்கு இதன் முன்னோடியான டோட்டாதான் நெருக்கம். செலிகி சாலைப் பக்கம், கணினிகளை இணைத்து விளையாடும் லேன் கடைகளில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்தவர்கள் நாங்கள். பள்ளிச் சீருடையோடு உள்ளே விடமாட்டார்கள் என்று பையில் ஒரு டீ-சட்டை இருக்கும். 2022 அக்டோபரில் டோட்டா 2ன் உலகப் போட்டி சிங்கப்பூர் உள்ளரங்கு விளையாட்டரங்கத்துக்கே வந்தபோது, கூட்டத்தில் நரைத்த தலைகளையும் பார்த்தேன். இப்போது அதை விளையாடுகிறீர்களா என்று அவர்களைக் கேட்டால், ஓர் ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம் எங்கே போவது என்கிறார்கள்.

தங்குவிடுதிகளில் இருக்கும் நம் ஊர்த் தொழிலாளர்களிடம் கேட்டபோது இந்த நேரக் கணக்கு இன்னும் துல்லியமாக வந்தது. அங்கே ஃப்ரீ ஃபயர் ஆடுபவர்கள் உண்டு. விலை குறைந்த கைப்பேசியிலும் ஓடும். தீவில் குதித்துக் கடைசிவரை உயிரோடு இருக்க வேண்டும் என்ற பப்ஜி வகைதான். ஆனால் பப்ஜியில் 100 பேர், அரை மணி நேரம். ஃப்ரீ ஃபயரில் 50 பேர், பத்து நிமிடம். லாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒன்று போட்டுவிடலாம். இதை வெளியிடும் கரீனா 2009ல் சிங்கப்பூரில் தொடங்கிய நிறுவனம். 2022 பிப்ரவரியில் இந்தியா ஃப்ரீ ஃபயரைத் தடைசெய்தது. அதன் இன்னொரு பதிப்பான மேக்ஸ் மட்டும் அங்கே தொடர்ந்தது. "ஊர்ல தடைன்னாங்க, இங்க வந்து பார்த்தா கம்பெனியே இங்கதான் இருக்கு அண்ணே" என்றார் சிவகங்கைக்காரத் தம்பி ஒருவர்.

அவரைவிட மூத்தவர்களுக்கு லூடோ கிங். நம் தாயக்கட்டையின் உறவுக்கார ஆட்டம், மும்பைப் பக்கத்து நிறுவனம் ஒன்று செய்தது. இங்கே இரவு ஒன்பதரை என்றால் ஊரில் ஏழு மணி. மனைவி சமையலை முடித்திருப்பார், பிள்ளைகள் விழித்திருப்பார்கள். நால்வருமாக ஓர் ஆட்டம். மகள் காயை வெட்டினால் தனக்கு ஒன்றும் கோபம் வராது, மச்சான் வெட்டினால் மட்டும் வரும் என்றார் ஒருவர். விமர்சனம் எழுதும் பத்திரிகைகள் எதுவும் இந்த விளையாட்டைக் கண்டுகொள்வதில்லை. என்னைக் கேட்டால் நான் கேட்ட பதில்களிலேயே மனநிறைவோடு வந்தது இதுதான்.

ஹவ்காங்கில் இருக்கும் என் பெரியம்மா கதை வேறு. தெருத் தெருவாக நடந்து, கைப்பேசியில் தோன்றும் கற்பனைப் பிராணிகளைப் பிடிக்கும் போக்கிமான் கோ சிங்கப்பூருக்கு வந்தது 2016 ஆகஸ்ட் 6ஆம் தேதி. அந்த மாதம் ஹவ்காங் அவென்யூ 10ல் புளோக் 401ஐச் சுற்றி நள்ளிரவிலும் கூட்டம் நின்றது பலருக்கு நினைவிருக்கும். அரிய போக்கிமான் ஒன்று எட்டிப் பார்த்தால் போதும், நூற்றுக்கணக்கானவர்கள் சாலையைக் கடந்து ஓடுவார்கள். "பைத்தியம் பிடிச்சிருச்சா இதுங்களுக்கு" என்று அன்றைக்குச் சொன்ன பெரியம்மா, இன்றைக்கு மாலையானால் கைப்பேசியோடு கீழே இறங்கிவிடுகிறார். அந்தப் பழைய கூட்டத்தில் பெரும்பாலோர் காணாமல் போய்விட்டார்கள். தங்கியிருப்பது நடக்க நேரம் இருப்பவர்கள். சைக்கிள் கைப்பிடியில் மூன்று நான்கு கைப்பேசிகளைப் பொருத்திக்கொண்டு வரும் சீன அங்கிள்கள், இரண்டு மலாய்ப் பெண்மணிகள், அப்புறம் என் பெரியம்மா.

இதில் ஐந்து நட்சத்திர ரெய்டு என்று ஒன்று உண்டு. ஓரிடத்தில் பெரிய போக்கிமான் ஒன்று குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் தோன்றும். தனி ஆளாக அதை வீழ்த்துவது கடினம், பலர் கூட வேண்டும். அதனால் வாட்ஸ்அப்பில் செய்தி பறக்கிறது, இன்ன புளோக், இன்ன மணி என்று. கையில் முட்டையும் உண்டு, 2 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் நடந்தால்தான் பொரியும். "பத்து கிலோமீட்டர் நடந்து வந்தது இதுவா?" என்று பெரியம்மா அலுத்துக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். ரெய்டு முடிந்ததும் எல்லாரும் காப்பிக்கடைக்குப் போகிறார்கள். விளையாட்டைப் பற்றி அவர் சொல்லும் ஒரே குறை, பெயர்கள் வாயில் நுழையவில்லை என்பது.

பள்ளிப் பிள்ளைகளிடம் ரோப்லாக்ஸ். பெரியவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும்: ரோப்லாக்ஸ் என்பது தனி ஒரு விளையாட்டு இல்லை. யார் யாரோ செய்து போட்ட விளையாட்டுகள் லட்சக்கணக்கில் இருக்கும் இடம் அது. 2025ல் அதில் 'குரோ எ கார்டன்' என்று ஒன்று பரவியது. விதை வாங்கி, நட்டு, காய்த்ததை விற்று, இன்னும் நல்ல விதை வாங்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஜூனில் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் 2 கோடிக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தார்கள். நீங்கள் விளையாடாதபோதும் செடி வளர்ந்துகொண்டிருக்கும் என்பதுதான் அதன் சூட்சுமம். பள்ளியிலிருந்து வந்தவுடன் என் அக்கா மகன் காலணியைக் கழற்றும் முன் தோட்டத்தைத் திறந்தான். பக்கத்துத் தோட்டக்காரர் காசு கட்டி இவன் பழத்தைத் திருடிப்போயிருந்தார். ஆமாம், நிஜக் காசு கட்டித் திருடலாம். இப்படி ஒரு ஏற்பாட்டைப் பிள்ளைகள் விளையாட்டில் வைத்தவர்களை எனக்குப் பிடிக்கவில்லை.

காசு என்றதும் கெஞ்சின் இம்பாக்ட் வகையறாவைச் சொல்லியாக வேண்டும். 2020 செப்டம்பரில் வந்தது. விளையாட இலவசம். மலை, கடல், இசை எல்லாம் மனத்தை அள்ளும், அதில் எனக்குப் பேச்சில்லை. ஆனால் புதிய வீரர்களைப் பெறக் குலுக்கல் போட வேண்டும். ஐந்து நட்சத்திர வீரர் ஒரு குலுக்கலில் வரும் வாய்ப்பு 0.6 விழுக்காடு. 90 முறை போட்டால் ஒருவர் வருவது உறுதி. ஆனால் நீங்கள் ஆசைப்பட்டவர்தான் வருவார் என்பது ஏறக்குறைய பாதிக்குப் பாதி. தவறிவிட்டால் மறுபடியும் 90 வரை போக வேண்டியிருக்கலாம். சனிக்கிழமை மாலை 4டி லாட்டரி எண் எடுக்க வரிசையில் நிற்பது போலத்தான் இதுவும். அங்கே வயது பார்ப்பார்கள், நிற்பவருக்குத் தான் சூதாடுகிறோம் என்பதும் தெரியும். என் மாணவி ஒருத்தி காசே போடாமல் தினமும் இருபது நிமிடம் விளையாடி, இலவசக் குலுக்கலை மாதக்கணக்கில் சேர்த்துவைக்கிறாள். அவள் பொறுமை எனக்கில்லை.

மூன்று ஷிஃப்டிலும் மாறி மாறி வேலை செய்யும் தாதி ஒருவர் ஸ்டார்டியூ வேலி பற்றிப் பேசினார். எரிக் பரோன் என்பவர் தனியாளாகச் செய்து 2016ல் வெளியிட்டது. பண்ணை வீடு, பயிர், கோழி, மீன்பிடிப்பு. விளையாட்டுக்குள் ஒரு நாள் என்பது நம் கணக்கில் 14 நிமிடம் போல. அந்த நாள் முடிந்து படுத்தால்தான் ஆட்டம் சேமிக்கப்படும். "வேலை முடிஞ்சு வந்தா உடனே தூக்கம் வராது. ஒரு நாள் மட்டும்னு உட்காருவேன், ஒரு வாரம் ஓடிரும்" என்றார்.

நீளமான விளையாட்டுகளுக்கும் ஆள் இருக்கிறது. 2025 செப்டம்பரில் சில்க்சாங் என்ற கடினமான சாகச விளையாட்டு வந்தது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் சின்னஞ்சிறு குழு ஒன்று 2019ல் அறிவித்து, அத்தனை ஆண்டு காக்கவைத்துக் கொடுத்தது. வெளிவந்த நேரத்தில் இணையக் கடைகளே தடுமாறின. விலை 20 அமெரிக்க வெள்ளிதான். வாங்கிய நண்பர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரே அடியில் உயிர் இரண்டு போகிறதே, தோற்றால் அவ்வளவு தூரம் திரும்ப ஓடி வர வேண்டியிருக்கிறதே என்று ஒரு பக்கம். அதுதானே சுவை என்று இன்னொரு பக்கம். முதல் கட்சியில் எல்லாருக்கும் கைக்குழந்தை இருக்கிறது என்பதைக் கவனித்தேன். அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதை வாங்கிய பிரெஞ்சு விளையாட்டு எக்ஸ்பெடிஷன் 33ஐ மூவர் வாங்கியிருக்கிறார்கள், ஒருவர் முடித்திருக்கிறார்.

என் அம்மாவைக் கேட்டால் கேம் என்பதே வெட்டிவேலை என்பார். அவரை உட்காரவைத்தது வெண்பா என்ற விளையாட்டு. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம், 1980களில் தொடங்கும் கதை. அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டாவில் அறிமுக விளையாட்டுக்கான விருது பெற்றது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கறைபட்டு எழுத்து அழிந்துபோன சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு, விடுபட்டதை ஊகித்துச் சமைக்க வேண்டும். முதல் புதிர் இட்லி. அக்கா மகன் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக நேராக அடுக்கிச் சொதப்பினான். பின்னால் நின்ற அம்மா, "மாத்தி வைடா, ஆவி எப்படிப் போகும்?" என்று தன் கையில் வாங்கிக்கொண்டார். அப்புறம் திருப்பித் தரவில்லை. புட்டு வரும்போது வாய் ஓயாமல் குறை சொன்னார், கதையில் வரும் மகன் தமிழில் பேச மறுக்கும் இடம் வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும் அவர் கேட்டது, "இவ்வளவுதானா?" விளையாட்டைப் பற்றி எனக்கும் அதே குறைதான். இன்னும் நான்கு சமையலாவது வைத்திருக்கலாம்.

நான் என்ன விளையாடுகிறேன் என்று கேட்பீர்கள். பலாட்ரோ. கனடாக்காரர் ஒருவர் தனியாகச் செய்து 2024 பிப்ரவரியில் வெளியிட்ட சீட்டு விளையாட்டு. போக்கர் கைகளைச் சேர்த்து மதிப்பெண் எடுக்க வேண்டும், ஜோக்கர்கள் விதிகளையே புரட்டிப்போடும். உள்ளே ஒரு காசுகூடக் கட்ட வேண்டாம். இருந்தும், சூதாட்டச் சாயல் என்று ஐரோப்பாவில் இதற்கு 18 வயது முத்திரை குத்தினார்கள். எதிர்ப்புக்குப் பிறகு 2025ல்தான் 12க்கு இறக்கினார்கள். நிஜப் பணத்தில் குலுக்கல் நடத்தும் விளையாட்டுகளைச் சின்னப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, இதைப் பிடித்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. எட்டாவது ஆன்டி என்ற கட்டத்தைத் தாண்டினால் ஒரு சுற்று முடியும். நடுவில் எப்போது வேண்டுமானாலும் மூடிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இப்போது ஆறாவதில் நிற்கிறது. கையில் ஐந்து ஜோக்கர், ஒன்றை விற்றால்தான் அடுத்தது வாங்க முடியும், எதை விற்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். வணக்கம்.