புரிகிறதா என்று மட்டும் கேட்காதீர்கள்

ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்து வகுப்புகளில் இன்று வெளிநாட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘என் ஆங்கில உச்சரிப்பு அவர்களுக்குப் பிடிபடுமா?’ என்று பல ஆசிரியர்கள் கூசுகிறார்கள். உச்சரிப்பை விடுங்கள். நிதானமாக, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசினால் அது பழகிவிடும். நமக்குத் தெரிந்தது அவர்களுக்கும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறோமே, தடுமாற்றம் அங்கேதான்.

‘மேட்டூர் கொள்ளளவு 93.47 டிஎம்சி, திறப்பு 12/6’ என்று பலகையில் எழுதுகிறோம். டெல்டாவில் பிறந்தவருக்கு இது பால பாடம். வெளிநாட்டவருக்கு? ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி என்று விளக்கினால் ‘கோடி’யில் போய் நிற்பார். அந்த 93.47 டிஎம்சிக்குப் பக்கத்திலேயே சுமார் 2.65 பில்லியன் கன மீட்டர் என்று எழுதுங்கள். அப்புறம் அந்தத் தேதி. மாதத்தை முதலில் எழுதிப் பழகியவர் அதை டிசம்பர் 6 என்று படிப்பார். குறுவை நெல்லுக்கு விடும் தண்ணீர் அவர் நோட்டில் அடைமழைக் காலத்துக்குப் போய்விடும். ஜூன் 12 என்று எழுத்தில் போட்டால் தீர்ந்தது. குறுவை, சம்பா, தாளடி என்ற நெல் பருவங்களுக்கு ஆங்கிலப் பெயர் தேடி அலையவும் வேண்டாம். பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு கோடு இழுத்து, நடவையும் அறுவடையையும் குறித்துக் காட்டுங்கள்.

நான் வற்புறுத்திக் கேட்பது இதைத்தான். ‘புரியவில்லையா?’ என்று ஆங்கிலத்தில் கேட்டால் ‘எஸ் சார்’ என்பார்கள். புரிந்தது என்கிறாரா, ‘ஆமாம், புரியலை’ என்கிறாரா? நமக்கே தெரியாது. ‘புரிகிறதா?’ என்றாலோ மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார்கள். அதற்குப் பதில், ‘கல்லணைக்கு வந்த தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று எப்படிப் பிரிகிறது? படம் போடுங்கள்’ என்று சொல்லுங்கள். எந்த இடத்தில் பாடம் விட்டுப்போயிற்று என்பது அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும்.

கேட்டுவிட்டுக் காத்திருக்கவும் வேண்டும். மூன்று எண்ணுவதற்குள் விடையை நாமே சொல்லிவிடுகிறோம். அந்தப் பிள்ளை கேள்வியைத் தன் மொழியில் யோசித்து, பதிலை ஆங்கிலத்தில் கோக்க வேண்டும். பத்து எண்ணும் வரை பொறுங்கள், அவசரம் ஒன்றுமில்லை.

இன்னொன்று. நடுவில் நாம் தமிழில் ஏதோ சொல்ல, வகுப்பே சிரிக்கும். அவர் மட்டும் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். எனக்கு மனசு கேட்பதில்லை. என்ன சொன்னோம் என்பதை அவருக்கும் உடனே ஆங்கிலத்தில் சொல்லிவிடுங்கள். ஒரு வரி போதும்.