ஆயாவின் பென்ஷன்

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்திய வம்சாவளியினர் பெருமளவில் வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோவில் மண்டபத்தில் புரட்டாசிச் சனிக்கிழமை வழிபாட்டுக்குப் பின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, நான் பேசுவது பாதி புரியாமல் பக்கத்தில் இருப்பவரிடம் அர்த்தம் கேட்டுக்கொண்டிருக்கும் இளையவர்களே, வணக்கம். சாப்பாடு தயாராகிக்கொண்டிருக்கிறது என்று சமையற்கட்டிலிருந்து சொல்லியனுப்பிவிட்டார்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கல்யாண வீடோ சாவு வீடோ, நம்மவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு பேச்சு தவறாமல் வருகிறது. "கிராண்ட் கொடுத்துக் கொடுத்தே அரசாங்கம் நாட்டைச் சோம்பேறியாக்கிவிட்டது. நாம் வரி கட்டுகிறோம், அவர்கள் பிள்ளை பெற்றுக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள்." கிராண்ட் என்பது அரசு ஏழைகளுக்கு மாதாமாதம் தரும் மானியம். அந்த 'அவர்கள்' யார் என்று சொல்கிறவரும் விளக்குவதில்லை, கேட்கிறவரும் கேட்பதில்லை. இந்தப் பேச்சோடுதான் இன்று எனக்கு வழக்கு.

அந்த வரிசையில் நம்மை நிற்கவே விடாத காலம் ஒன்று இருந்தது. 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்களுக்கு முதல் ஆண்டுச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டவர்கள்மீது 1895ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 3 பவுண்டு தலைவரி போட்டது. பவுண்டுக்கு 20 ஷில்லிங். அந்த 10 ஷில்லிங் கணக்கில் பார்த்தால் ஆறு மாதச் சம்பளம்! 1913இல் கரும்புத் தோட்டத்திலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் வேலைநிறுத்தம் நடந்த பிறகுதான், 1914இல் அதை எடுத்தார்கள்.

வரி என்றால் நம்மைத் தேடி வந்த அரசு, 1928இல் முதியோர் பென்ஷன் சட்டம் கொண்டுவந்தபோது நம்மைக் கண்டுகொள்ளவில்லை. வெள்ளையருக்கும் கலப்பினத்தாருக்கும் மட்டும் பென்ஷன். கறுப்பின மக்களுக்கும் இந்தியருக்கும் கிடையாது. 1944இல்தான் நமக்கும் அவர்களுக்கும் கதவு திறந்தது, அதுவும் குறைந்த தொகையில். ஒரே வயது, ஒரே முதுமை, தோலைப் பார்த்து வேறு வேறு தொகை. எல்லோருக்கும் ஒரே தொகை என்றானது 1993இல். இந்த மண்டபத்தில் இருக்கும் தாத்தாக்கள் பலருக்கு அப்போது மீசை கறுப்பாகத்தான் இருந்திருக்கும்.

அரசு கொடுக்காத காலத்தில் நம் முன்னோர் சும்மா இருக்கவில்லை, உண்மைதான். 1921இல் ஆதரவற்றோருக்கான ஆரிய தர்ம இல்லம் தொடங்கியது, ஊர்ப்பணம் திரட்டிப் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. அதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் "நாங்கள் யாரையும் எதிர்பார்க்கவில்லை" என்று அந்தப் பெருமைக்கு ஒரு வால் முளைக்கிறதே, அது சரித்திரம் அல்ல. எதிர்பார்த்தோம், மனுக்கொடுத்தோம், மறுத்தார்கள்.

இனி ஆயாக்களிடம், அதாவது நம் பாட்டிகளிடம், வருகிறேன். எஸ்தர் டூஃப்லோ என்ற பொருளாதார அறிஞர், பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர், இந்த நாட்டுப் பென்ஷனை ஆராய்ந்தார். பாட்டி பென்ஷன் வாங்கும் கறுப்பினக் குடும்பங்களில் பேத்திகளின் எடையும் உயரமும் கூடியிருந்தன. தாத்தா வாங்கும் வீடுகளில் அப்படி ஒரு மாற்றம் தெரியவில்லை. (தாத்தாக்கள் என்னை முறைக்க வேண்டாம், ஆராய்ச்சி என்னுடையது அல்ல.) முதியவருக்கென்று கொடுத்த பணம் தட்டில் சோறாகி, வளரும் பெண்ணின் எலும்பாகிவிடுகிறது. இதற்கு ஆராய்ச்சி எதற்கு, எங்கள் வீட்டில் வந்து பார்த்திருக்கலாமே என்று இங்கே பலர் நினைப்பீர்கள்.

மாதத்தின் முதல் வாரத்தில் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போய்ப் பாருங்கள். மானியம் கொடுக்கும் நாட்களில் முதல் நாள் முதியோருக்கு. ஒரு ஆயா கார்டை நீட்டிப் பணத்தை எடுத்து இரண்டு முறை எண்ணுகிறாள். மின்சாரத்துக்கு டோக்கன், அரிசி, பருப்பு, எண்ணெய், சலவை சோப்பு, பேரனின் பள்ளி வேன் கூலி, ஈமச்சடங்குக் காப்பீடு. மிச்சமிருந்தால் தனக்குக் கொஞ்சம் மூக்குப்பொடி. அரிசிக்கும் காய்ந்த பருப்புக்கும் வாட் வரி இல்லை. அந்த சோப்புக்கு 15 சதவீதம் உண்டு. வரி கட்டுகிறவர் நாம் மட்டும் என்று யார் சொன்னது?

அங்கேயே வெளியே ஒருவன் நிற்பான். அவனை இங்கே 'மஷோனிசா' என்பார்கள். கந்துவட்டிக்காரன். கார்டையும் இரகசிய எண்ணையும் அடமானமாக வாங்கிவைத்துக்கொண்டு, அவனே பணத்தை எடுத்து வட்டி போக மீதியைக் கொடுக்கிறான். அவனாவது தெருவில் நிற்கிறான். மானியப் பட்டுவாடாவை ஒரு தனியார் நிறுவனத்திடம் 2012இல் ஒப்படைத்த பிறகு, கேட்காத போன் ஏர்டைமுக்கும் கடனுக்கும் காப்பீட்டுக்கும் ஏழைகளின் கணக்கிலிருந்து பணம் பிடிக்கப்பட்டது. பெண்கள் தொடங்கிய 'பிளாக் சாஷ்' என்ற அமைப்புதான் அதை எதிர்த்து இயக்கம் நடத்தியது. அந்த ஒப்பந்தமே செல்லாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சோம்பேறிகள் என்று பேசுகிற வாய்கள் இந்தத் திருட்டைப் பற்றி ஏன் பேசுவதில்லை?

"கிராண்டுக்காகப் பிள்ளை பெறுகிறார்கள்" என்ற பேச்சுக்கும் கணக்குப் பார்த்துவிடுவோம். 2024இல் குழந்தை மானியம் மாதம் 530 ராண்ட். ஒருவர் உயிர்வாழத் தேவையான உணவுக்கு மட்டும் அதே ஆண்டு அரசின் புள்ளிவிவரத் துறை போட்ட கணக்கு 796 ராண்ட். 530 ராண்டுக்காக ஒருத்தி பிள்ளை பெறுகிறாள் என்றால் அவளுக்குக் கழித்தல் தெரியாது என்றுதான் பொருள்.

இந்த மானியத்துக்கு முன்பு இருந்தது பராமரிப்பு மானியம். தாய்க்கும் இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து ஏறத்தாழ 700 ராண்ட் வரை கிடைத்தது. பெற்றவர்களில் பெரும்பாலோர் இந்தியப் பெண்களும் கலப்பினப் பெண்களும். கறுப்பினத் தாய்மார்களுக்கு அது எட்டாக்கனி. பேராசிரியர் ஃபிரான்சி லண்ட் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, 1998இல் ஏழு வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைகள் எல்லோருக்கும் 100 ராண்ட் என்று மாற்றினார்கள். நியாயமான மாற்றம், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. இன்று அந்தத் தொகை ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் போகிறது, வயது வரம்பும் 18 ஆகிவிட்டது. ஆனால் அந்த ஆண்டுகளில்தான் மலிவு இறக்குமதியால் நம் பெண்கள் வேலை பார்த்த துணி ஆலைகள் மூடின. ஒரு பக்கம் தையல் மிஷின் போனது, மறு பக்கம் மானியம் போனது, வீட்டு வாடகை பாக்கி விழுந்து வெளியேற்ற ஆட்கள் வந்தார்கள். பேராசிரியர் ஃபாத்திமா மீர் அந்த நேரத்தில் இந்த ஊர்க் குடும்பங்களோடு வந்து நின்றார். அன்று வரிசையில் நின்றது நாம்.

நம் சாசனத்தின் 27ஆம் பிரிவு, தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்க முடியாதவருக்கு அரசு உதவி உரிமை என்கிறது. தயவு என்று எழுதவில்லை. இருந்தும் வேலையற்றோருக்கான மாதம் 370 ராண்ட் மானியத்தைப் பாருங்கள். 2020இல் கொரோனாக் காலத்தில் 350ஆகத் தொடங்கியது. வங்கிக் கணக்கில் ஒரு மாதம் 624 ராண்டுக்கு மேல் வந்தால் கணினி மறுத்துவிடும். அக்காள் அனுப்பிய பணமும் அதற்கு வருமானம்தான். மேல்முறையீடு செய்யலாம். ஆனால் எல்லாம் இணையத்தில், ஆங்கிலத்தில். டேட்டாவுக்குக் காசு யார் தருவது?

அதனால் கோவில் நிர்வாகத்தை நான் கேட்பது பணம் அல்ல, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வைஃபை. மாதத்தின் முதல் வாரத்தில் மூன்று காலைகள். மேல்முறையீடு எழுதித் தரவும், கணக்கில் வீணாகப் பிடிக்கும் தொகை எதுவென்று பார்க்கவும், பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகளைப் பதிவுசெய்ய வழிகாட்டவும் ஆட்கள் வேண்டும். நம்மவர்களுக்கு மட்டும் என்று பலகை வைத்தால் நான் வரமாட்டேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். பெயர் தர நினைப்பவர்கள் சாப்பாட்டுக்குப் போகும் வழியில் வாசலில் இருக்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். சூலு பேசத் தெரிந்தவர்கள் இரண்டு பேராவது வேண்டும்.