புது ஷாக்கப்சர் ஏன் சீக்கிரம் சத்தம் போடுது?

புதுச்சேரி வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் கடலூர் முதுநகர் பக்கம் பட்டறை வெச்சிருக்கறவன். பிக்கப் வண்டியோட முன்பக்க ஷாக்கப்சர் மாத்தறத பத்தி பேசலாம்னு வந்திருக்கேன், ஏன்னா "புதுசு போட்டு கொஞ்ச நாள்தான் ஆவுது அண்ணா, மறுபடி டக்கு டக்குன்னு சத்தம் வருது, கம்பெனி சரியில்ல போல"ன்னு அடிக்கடி யாராச்சும் வந்து நிப்பாங்க. கழட்டிப் பாத்தா பல வண்டில ஷாக்கு நல்லாத்தான் இருக்கும், கிழிஞ்சு கெடக்கறது அதோட ரப்பர் புஷ்ஷு, அதாவது ஷாக்க வண்டியோட சேக்கற போல்ட்ட சுத்தி இருக்கற ரப்பரு. அது கம்பெனி தப்பு இல்லங்க, மாட்டின கையோட தப்பு.

மொதல்ல ஒன்னு தெளிவாக்கிடறேன், லோடு தாங்கறது ஷாக்கு கெடையாது. பட்டை ஸ்பிரிங்கோ காயில் ஸ்பிரிங்கோ டார்ஷன் பாருங்கற முறுக்கு கம்பியோ, உங்க வண்டில எது இருக்கோ அதான் எடைய தாங்குது. பள்ளத்துல எறங்கி ஏறின ஸ்பிரிங்கு சும்மா விட்டா ஆடிகிட்டே கெடக்கும், அந்த ஆட்டத்த அடக்கறதுதான் ஷாக்கோட வேலை. உள்ள ஆயில் இருக்கு, பிஸ்டன்ல சின்ன சின்ன ஓட்டையும் வால்வும் இருக்கு, ஆயில் அது வழியா முக்கி முனகி போவும்போது ஆட்டமெல்லாம் சூடா மாறி காத்துல போயிடும், அவ்வளவுதான். பலாப்பழ சீசன்ல பண்ருட்டிலருந்து ஓவர்லோடு அடிக்கறதுக்கு "ஸ்ட்ராங்கா ஒரு ஷாக் போட்டு உடுங்க"ன்னு கேக்கறாங்க பாருங்க, அது வேலைக்கு ஆவாது.

எப்ப மாத்தணும்? பம்பர அமுக்கி விட்டு எத்தன தடவ ஆடுதுன்னு பாக்கற டெஸ்ட்டு காருக்கு ஓகே, பிக்கப்புல ஸ்பிரிங்கே கெட்டியா இருக்கும், அத மட்டும் நம்பாதீங்க. ஷாக்கு உடம்புல ஆயில் வழிஞ்சு ஈரமா இருக்கா பாருங்க, ஆயில் வெளிய வராம தடுக்கற சீல் ஓரம் லேசா புழுதி ஒட்டியிருந்தா பரவால்ல. முன் டயர கையால தடவுங்க, அங்கங்க மேடு பள்ளமா தேஞ்சிருந்தா டயரு ரோட்ட விட்டு எகிறி எகிறி ஓடியிருக்குன்னு அர்த்தமா இருக்கலாம். எகிறற டயருக்கு பிரேக்கும் ஒழுங்கா புடிக்காது, ஸ்டீரிங்கும் கேக்காது, அதனால இத சொகுசு சமாச்சாரம்னு தள்ளிப் போடாதீங்க. மாத்துனா ரெண்டு பக்கமும் சேத்து மாத்துங்க, ஒன்ன மட்டும் மாத்தி காசு மிச்சம்னு நெனைக்கறது எனக்கு புடிக்காத கணக்கு.

வீல் நட்ட வண்டி தரையில இருக்கும்போதே லேசா லூஸ் பண்ணிட்டு, பின் டயருக்கு கட்டை குடுத்துட்டு தூக்குங்க. தூக்கினதும் சேஸுக்கு அடியில ஸ்டாண்டு. வெறும் ஜாக்கிய நம்பி உள்ள கைய விடறதும் ஹாலோ பிளாக்க அண்ட குடுக்கறதும் வேணாம், பிளாக்கு சொல்லாம கொள்ளாம நொறுங்கும். வீல புடிச்சிருக்கற கீழ்க்கை (லோயர் ஆர்ம்) உள்ள வண்டியா இருந்தா அந்த கைக்கு அடியில இன்னொரு ஜாக்கி வெச்சுக்குங்க, சில வண்டில கை ரொம்ப கீழ எறங்காம புடிச்சிகிட்டு இருக்கறதே ஷாக்குதான், கழட்டினதும் கை தொங்கி பிரேக் ஓஸ இழுத்துடும். ஸ்பிரிங்கு ஷாக்கு மேலயே சுத்தி இருக்கற டைப்புன்னா நடு நட்ட தொடவே கூடாது, அதுக்குன்னு கம்ப்ரஸர் டூல் இருக்கற கடைக்கு போயிடுங்க.

கழட்டறதுதான் நம்ம ஊர்ல பெரிய பாடு. கடல் காத்து ஒருபக்கம், துறைமுகத்துல மீன் பெட்டிலருந்து ஒழுகற ஐஸ் தண்ணி ஒருபக்கம், கீழ் போல்ட்டு புஷ்ஷோட இரும்பு குழாய்க்குள்ள துருப்புடிச்சு ஒட்டிகிட்டிருக்கும். மொத நாள் சாயங்காலமே துரு எளக்கற ஸ்பிரே அடிச்சு ஊற விட்டுடுங்க. சில பேரு உடனே கேஸ் வெல்டிங் வெச்சு சூடு காட்டுவாங்க, கேஸ் நெரப்பின ஷாக்குன்னா வெடிச்சு மூஞ்சில அடிக்கும், தயவுசெஞ்சு வேணாம். மேல் நட்டு சுத்தும்போது ஷாக்கோட தண்டும் கூடவே சுத்தும், தண்டு நுனிய ஸ்பேனரால புடிச்சிட்டு நட்ட திருப்புங்க, அப்பவும் வரலன்னா ஆக்ஸா பிளேடு போட்டு அறுத்துடுங்க, காயலான் கடைக்கு போற சாமான்தானே.

ஆனா புதுசுல அந்த பளபளப்பு தண்ட கட்டிங் பிளேயரால புடிச்சீங்கன்னா கீறல் விழும், அந்த கீறல் சீல தின்னுடும், அப்புறம் ஆயில் லீக்கு. கேஸ் இல்லாத வெறும் ஆயில் டைப்பா இருந்தா மாட்டறதுக்கு முன்னாடி நேரா நிமித்தி புடிச்சு சில தடவ முழுசா இழுத்து அமுக்குங்க, பிஸ்டன் ஓடற குழாய்க்குள்ள புகுந்த காத்து அத விட்டு வெலகிடும். கேஸ் டைப்புல பட்டி போட்டு கட்டியிருப்பான், ஒரு முனைய மாட்டிட்டு அப்புறம் பட்டிய வெட்டுங்க. மேல் நட்ட இறுக்கும்போது ரப்பர் அங்க இருக்கற வாஷரு அகலத்துக்கு பிதுங்கினா போதும், நசுக்கிடாதீங்க. ரப்பர்ல கிரீஸு ஆயிலு எதுவும் தடவக்கூடாது, ஊதிப் போயிடும்.

இப்ப அந்த சத்தத்துக்கு வர்றேன். ஷாக்கோட கீழ் கண்ணுல, அதாவது கீழ் போல்ட்டு போற வளையத்துல இருக்கற புஷ்ஷு சுத்தறதில்ல, முறுக்கிதான் கொடுக்குது. வண்டி அந்தரத்துல தொங்கும்போதே போல்ட்ட இறுக்கிட்டீங்கன்னா ரப்பரு அந்த நெலையிலயே பூட்டிக்கும், கீழ எறக்கினதும் சும்மா நிக்கும்போதே முறுக்கிகிட்டு நிக்கும், அதுக்கு மேல ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் இன்னும் முறுக்கு. அப்புறம் கிழியாம என்ன செய்யும்? அதனால போல்ட்ட கையால இறுக்கற அளவுக்கு மட்டும் விட்டுட்டு, வீல் மாட்டி, வண்டிய தரையில எறக்கி, முன்பக்கத்த ரெண்டு தடவ அமுக்கி விட்டுட்டு கடைசி இறுக்கு குடுங்க, மேனுவல்ல போட்டிருக்கற டார்க், அதாவது இறுக்கற அளவுக்கு. படுத்துகிட்டு கைய உள்ள விடறது செரமந்தான், ஒத்துக்கறேன், அதனாலதான் பல கடைல இத செய்யறதில்ல. நீங்க பக்கத்துல நின்னு "எறக்கிட்டு இறுக்குங்க அண்ணா"ன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, கோச்சுக்க மாட்டாங்க. நைலான் போட்ட நட்டு வந்திருந்தா பழசையே திரும்ப போடாம புதுசு கேளுங்க. ஒரு 50 கிலோமீட்டர் ஓடினதும் வீல் நட்டயும் ஒரு தடவ இறுக்கிப் பாத்துடுங்க.

கூப்புட்டு பேச வெச்ச நிலையத்துக்கு நன்றி, வணக்கம்.