வேலையில்லாத பெரியவர்களுக்கு வகுப்பு வைக்கிறோம்: சிலபஸ் ஏன் இன்னும் எழுதவில்லை?

வணக்கம் நண்பர்களே. வட சென்னை வியாசர்பாடியிலிருந்து பேசுகிறேன். நடுநடுவே ரயில் சத்தம் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பேசின் பிரிட்ஜ் பக்கம் குடியிருந்துகொண்டு ரயில் இல்லாத வீடியோ எடுக்க முடியாது.

வேலையில்லாமல் இருக்கும் பெரியவர்களுக்கு வீட்டு வயரிங் வகுப்பு தொடங்கப்போகிறோம் என்று போன வீடியோவில் சொன்னேன் இல்லையா? "சிலபஸ் போடுங்க அண்ணா" என்று நிறைய பேர் கேட்டுவிட்டீர்கள். சிலபஸ் இன்னும் எழுதவில்லை, வேண்டுமென்றேதான் எழுதவில்லை. முப்பது, நாற்பது வயதுக்காரர்களுக்கு வகுப்பு வைக்கிறோம் என்றால் அவர்களுடைய நாள் எப்படிப் போகிறது என்று தெரியாமல் பாடம் எழுதி என்ன பிரயோஜனம்?

நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயிண்டர், கொத்தனாருக்குக் கையாள், லோடு ஏற்றுகிறவர் எல்லாரும் விடிந்ததும் ஆள் எடுக்கிற முனையில் போய் நிற்கிறார்கள். மேஸ்திரி யாராவது கூப்பிடுவாரா என்று ஒன்பது, ஒன்பதரை வரைக்கும் பார்ப்பார்கள். கூப்பிட்டால் போய்விடுவார்கள், போகத்தான் வேண்டும். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார் என்று சொல்ல நாம் யார்? எட்டு மணிக்கு வகுப்பு வைத்தால் ஒருத்தரும் வரமாட்டார். பத்தரைக்கு வைத்தால் அன்று வேலை கிடைக்காதவர்கள் முனையிலிருந்து நேராக வரலாம். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் அக்காக்களுக்கும் அந்த நேரம் சரிப்படும். ஒன்றரைக்கு விட்டுவிட்டால், பள்ளி விடுவதற்குள் வீட்டு வேலையையும் பார்த்துவிடலாம்.

சரி, இப்படி வைத்தால் திங்கட்கிழமை வந்தவர் செவ்வாய்க்கிழமை வரமாட்டார். அரசுப் பணத்தில் நடக்கும் பயிற்சிகள் சிலவற்றில் கைரேகை வைத்து வருகைப் பதிவு எடுக்கிறார்கள், வருகை குறைந்தால் சான்றிதழ் கிடையாது. பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தினக்கூலிக்காரரை வெளியே தள்ளுவதற்கு அந்த ஒரு விதி போதும். அதனால் நாங்கள் ஒவ்வொரு நாள் பாடத்தையும் அன்றைக்கே தொடங்கி அன்றைக்கே முடிகிற மாதிரி அமைக்கிறோம். "நேற்றே சொன்னேனே" என்று சொல்லித் தருகிறவர் வாயைத் திறக்கக் கூடாது. அப்படிக் கேட்ட பெரிய மனுஷன் மறுநாள் வரமாட்டான், ஏன் வரவில்லை என்றும் சொல்லமாட்டான்.

அப்புறம் மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பரில் தொடங்குவதே இல்லை என்று முடிவு. மழைக்காலத்தில் நம்ம பக்கம் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பார்த்தோமே. வகுப்பு தொடங்க நான் சொல்கிற நாள் ஏப்ரல் 15. அன்றைக்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் ஓடும். காசிமேட்டில் விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். வலை சரிபார்க்கிறது, படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறது என்று கொஞ்சம் பேருக்கு வேலை இருக்கும், மற்றவர்கள் சும்மாதான் இருப்பார்கள். மே மாதம் பள்ளிக்கூடங்களும் காலி, அனுமதி கிடைத்தால் இடத்துக்கு வாடகை மிச்சம். ஆனால் லீவில் பிள்ளைகள் வீட்டில் இருக்கும். அதனால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்று நோட்டீஸிலேயே போட்டுவிடுகிறோம். இடம் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை. திருவொற்றியூர் அக்காவும் காசில்லாமல் வந்து போகலாம்.

ஏன் வயரிங் என்றும் கேட்டிருந்தீர்கள். மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று தமிழக அரசு ஒரு தேர்வு நடத்துகிறது. 21 வயது முடிந்திருக்க வேண்டும், வயரிங் வேலையில் 5 வருஷ அனுபவம் வேண்டும். படிப்பு கேட்பதில்லை. இந்தப் பக்கம் அஞ்சாவதோடு நின்றவர் எத்தனை பேர், எலக்ட்ரீஷியன் பின்னாலேயே வருஷக்கணக்கில் சுவர் வெட்டி பைப் பதித்தவர் எத்தனை பேர்! வேலை கையில் இருக்கிறது, காகிதம் இல்லை. பெரம்பூர் பின்னி துணி மில் ஓடின காலத்தில் உள்ளே நுழைந்துவிட்டால் வேலையை அங்கேயே கற்றுக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1996இல் அதையும் மூடிவிட்டார்கள்.

முதல் நாள் பாடம் மட்டும் முடிவாகிவிட்டது. ஒரு பலகை, ஒரு சுவிட்ச், ஒரு ஹோல்டர், ஒரு பல்பு. ஷாக் அடித்தால் உடனே கரன்ட்டைத் துண்டிக்கிற ஆர்சிசிபி, அதுவும் 30 மில்லி ஆம்பியர், போட்ட லைனில்தான் கொடுப்போம். சுவிட்சை நியூட்ரலில், அதாவது கரன்ட் திரும்பிப் போகிற கம்பியில் வைத்து ஒரு பலகை, பேஸில், அதாவது கரன்ட் வருகிற கம்பியில் வைத்து ஒரு பலகை, இரண்டையும் தயாராக வைத்திருப்போம். சுவிட்சை அணைத்தால் இரண்டிலும் பல்பு அணையும். இப்போது பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் டெஸ்டரை வைக்கச் சொல்வோம். நியூட்ரலில் சுவிட்ச் வைத்த பலகையில் டெஸ்டர் எரியும். சுவிட்ச் அணைத்துத்தான் இருக்கிறது, கை வைத்தால் ஷாக்! பத்து வருஷம் கையாளாக இருந்தவரே "அட, இத்தனை நாள் இப்படித்தான் மாட்டிக்கொண்டிருந்தோமா" என்பார். அதற்கு மேல் பேஸ், நியூட்ரல் பற்றி நான் லெக்சர் அடிக்கத் தேவையில்லை.

கணக்கும் அப்படித்தான். சூத்திரம் என்று போர்டில் எழுதினால் பாதிப் பேருக்குப் பழைய கணக்கு வாத்தியார் ஞாபகம் வந்துவிடும். இன்டக்‌ஷன் அடுப்பைக் கவிழ்த்தால் 2000 வாட் என்று போட்டிருக்கும். அதை வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர் வரும். அந்த அடுப்பைக் கன்வெர்ட்டர் பிளக் வைத்து ஆறு ஆம்பியர் பாயின்ட்டில் மாட்டினால் பாயின்ட் கருகாமல் என்ன செய்யும்? கருகின பாயின்ட் இந்தத் தெருவில் எந்த வீட்டிலும் கிடைக்கும். ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுத்தான் வகுத்தல் போடச் சொல்வோம். மால்கம் நோல்ஸ் என்ற அமெரிக்கர் இதைத்தான் பெரிய கோட்பாடாகவே எழுதியிருக்கிறார்: பெரியவர்களுக்கு அவர்கள் அனுபவம்தான் பாடப்பொருள், உடனே கைக்கு உதவுகிறதைத்தான் மனசு வாங்கும்.

"வேலை உறுதி" என்று நோட்டீஸில் போடச் சொல்லி ஒருத்தர் அடம்பிடிக்கிறார், ஆள் நிறைய வருமாம். போடமாட்டோம். வேலை கொடுக்க முடியாதவன் எதற்கு உறுதி கொடுக்க வேண்டும்? தேர்வு விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்பித் தருவோம் என்று போடுவோம், அது நம்மால் முடியும். கஷ்டம் அனுபவச் சான்றில்தான் இருக்கிறது. இத்தனை வருஷம் யாரிடம் வேலை செய்தார்களோ அந்தக் கான்ட்ராக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும், பல பேர் தட்டிக்கழிக்கிறார்கள். பெரம்பூர், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் லைசென்ஸ் வைத்திருக்கும் கான்ட்ராக்டர்கள் யாராவது இதைப் பார்த்தால், உங்களிடம் வேலை செய்த ஆட்களுக்கு அதை எழுதிக் கொடுங்கள். மத்தியானத்தில் ஒரு மணி நேரம் வந்து சொல்லித்தர முடிந்தால் ரொம்ப நல்லது, டீயும் பஜ்ஜியும் எங்கள் செலவு.