சுருண்டு கொள்ளும் உயிர்

(அஞ்செட்டி வட்டாரக் காட்டோர விவசாயிகளிடையே எறும்புத்தின்னி பற்றி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

யானையும் காட்டுப்பன்றியும் உங்கள் கொல்லையில் என்ன செய்யும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எறும்புத்தின்னியை நேரில் பார்த்தவர்கள் மட்டும் இங்கே குறைவாகத்தான் இருப்பீர்கள். அழுங்கு என்றும் அதற்குப் பெயர் உண்டு. பகலில் வளைக்குள் வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டு தூங்கும். இருட்டிய பிறகே வெளியே வரும்.

பாலூட்டிகளில் உடம்பெல்லாம் செதில் போர்த்தியது இது ஒன்றுதான். உலகில் எட்டு வகை உண்டு. நான்கு ஆசியாவில், நான்கு ஆப்பிரிக்காவில். நம் காட்டில் இருப்பது இந்திய எறும்புத்தின்னி. வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. நாக்கின் வேர் தொண்டையோடு நிற்காமல் நெஞ்செலும்பின் அடிமுனைவரை உள்ளே இறங்கியிருக்கும். பசைபோன்ற எச்சில் படிந்த அந்த நாக்கைப் புற்றுக்குள் நீட்டிக் கரையானையும் எறும்பையும் முட்டையோடு வாரி எடுக்கும். கூடவே விழுங்கும் மண்ணும் பொடிக்கல்லும் வயிற்றில் அந்த இரையை அரைத்துக் கொடுக்கின்றன. கோழி கல் பொறுக்குவதும் இதற்காகத்தானே!

ஆபத்து என்றால் அது ஓடாது, கடிக்காது. தலையையும் வயிற்றையும் உள்ளே வைத்து, வாலால் இறுக்கிப் பந்தாகிவிடும். சிறுத்தையாலும் அதை எளிதில் பிரிக்க முடியாது. மனிதனிடம் இதே வித்தைதான் அதற்கு எமன். துரத்தவே வேண்டாம், குனிந்து எடுத்துப் போய்விடலாம். தென் ஆப்பிரிக்காவில் மின்வேலியில் எறும்புத்தின்னிகள் சாவதும் இதனால்தான். தாழ்ந்த கம்பி வயிற்றில் பட்டதும் மிரண்டு, அந்தக் கம்பியைச் சுற்றியே சுருண்டுகொள்கின்றன; ஒவ்வொரு துடிப்பு மின்சாரமும் மறுபடி மறுபடி உடம்பில் பாய்கிறது. யானைக்காக சோலார் வேலி போடும்போது, தரையை ஒட்டி மின்சாரக் கம்பி இழுக்காதீர்கள். யானையைத் தடுக்க அந்தக் கம்பி தேவையே இல்லை.

செதிலில் மருந்து இருக்கிறது என்று யாராவது விலை பேசிக்கொண்டு வரலாம். நம் நகத்தில் இருக்கிற அதே கெரட்டின்தான் அது, வேறொன்றும் இல்லை. 2016-ல் எட்டு வகைக்கும் பன்னாட்டு வணிகத் தடை விதிப்பதென்று முடிவெடுத்தார்கள். சீனாவே 2020-ல் தன் அரசு மருந்துப் பட்டியலிலிருந்து செதிலை நீக்கியது. நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இது மிக உயர்ந்த பாதுகாப்புள்ள முதல் அட்டவணை விலங்கு. வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் போனால் 7 ஆண்டு சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

ஒரு ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டிதான். பத்து போனால் ஈடுகட்டப் பல வருடம் ஆகும். வளர்த்துப் பெருக்குவதும் எளிதில்லை. கூண்டில் மிரட்சியாலும் ஒவ்வாத தீனியாலும் வயிறு புண்ணாகிச் செத்துப்போகும். ஒடிசாவின் நந்தன்கானன் பூங்காவில் இதற்கென்றே தனி மையம் வைத்துப் பாடுபட வேண்டியிருக்கிறது. 2014-ல் காவிரி வடக்கு, 2022-ல் காவிரி தெற்கு என இரண்டு சரணாலயங்கள் நம் பக்கம் வந்துவிட்டன. ஆனால் இரவில் இரை தேடும் விலங்குக்கு எல்லைக்கல் தெரியாது. அது உங்கள் மாந்தோப்புக்கும் வரும். தோப்பில் கரையான் மருந்து ஊற்றினால் மரத்தடியோடு நிறுத்துங்கள், காட்டோரப் புற்றை விட்டுவிடுங்கள். புற்றின் அடியில் ஆள் குடையாத புதுத் துளையும் நகக் கீறலும் தெரிந்தால் அது வந்துபோன இடமாக இருக்கலாம். வளை வாசலில் முள் கிடந்தால் முள்ளம்பன்றி. பன்றிக்கு, முயலுக்கு என்று சுருக்குக் கம்பி வைப்பவர்களிடம் சொல்லுங்கள், அதில் இதுவும் மாட்டும்.

வீட்டுக்குள் வந்துவிட்டால் நாயைக் கட்டுங்கள், கூட்டத்தைக் கலையுங்கள், விளக்கை அணைத்துக் கதவைத் திறந்துவிடுங்கள். தானே போய்விடும். போகாவிட்டால் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை அடைத்து வைத்தே ஆக வேண்டும் என்றால், மூடியில் காற்றுத் துளை போட்ட பிளாஸ்டிக் டிரம் நல்லது. அடியில் காய்ந்த மண் போட்டு நிழலில் வையுங்கள். சாக்கில் நகம் சிக்கும், உள்ளே புழுங்கும்; கம்பிவலையில் நகமே பிய்ந்துவிடும். பால், பழம், சோறு எதுவும் வேண்டாம். தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்ட வேண்டாம். வாலைப் பிடித்துத் தொங்கவிடாதீர்கள். செதிலுக்கும் செதிலுக்கும் நடுவே விரலை விட்டால் சுருளும்போது நசுங்கும்.

வற்றிய கிணற்றில் விழுந்திருந்தால், சொரசொரப்பான மரம் ஒன்றைச் சாய்த்து இறக்கிவிட்டு விலகி நில்லுங்கள். நகத்தால் பற்றி ஏறிவிடும். தண்ணீர் இருந்தால் கயிறு கட்டிய கூடையை இறக்குங்கள். மேலே வந்ததும் பந்தாகத்தான் கிடக்கும். பிரித்துப் பார்க்காதீர்கள். தாய் தன் குட்டியை வயிற்றோடு அணைத்துத்தான் சுருளும். உள்ளே இன்னொரு உயிர் இருக்கலாம். அரை மணி ஆனாலும் தள்ளி நின்று காத்திருங்கள். சத்தம் அடங்கினால் முதலில் மூக்கு வெளியே வரும்.