காலை ஆட்டுனா தரித்திரமா? ஏ.டி.ஹெச்.டி. மூளைக்கு அதுதான் டைனமோ!

"காலை ஆட்டாதலே, வீட்டுக்கு ஆவாது!" ஆரல்வாய்மொழியில இருந்து களியக்காவிளை வரைக்கும் இதைக் கேக்காம வளந்த ஆளு உண்டா மக்கா? ஆனா ஏ.டி.ஹெச்.டி., அதாவது கவனக்குறைவு-மிகை இயக்கக் குறைபாடு உள்ள பெரியவங்க, கை கால் அசையும்போதுதான் கூடுதலா சரியான பதில் சொல்றாங்க. எப்படின்னு பாப்போம். நடுவுல தோவாளை பூச்சந்தைக்கு ஒரு நடை போவணும், வீடியோவை ஓட்டி விட்டுராதீங்க.

பின்னணி சுருக்கமா: ஏ.டி.ஹெச்.டி.ன்னா கவனம் நிக்காது, உடம்பு அடங்காது, தொடக்கம் 12 வயசுக்கு முன்னாடி. வயசாக வயசாக ஓட்டம் குறையும், துறுதுறுப்பு மட்டும் விரலுக்கும் காலுக்கும் இறங்கிரும். போதும்.

2024ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாகத்து ஆய்வு ஒண்ணு வந்துச்சு. ஏ.டி.ஹெச்.டி. உள்ள 70 பெரியவங்களோட மணிக்கட்டுலயும் கணுக்கால்லயும் அசைவை அளக்குற கருவி கட்டுனாங்க. திரையில அம்புக்குறி வரிசையா வரும்; நடு அம்பு எந்தப் பக்கம் பாக்குதுன்னு சொல்லணும், பக்கத்து அம்பெல்லாம் குழப்பி விடும். தப்பா சொன்ன நேரத்தை விட சரியா சொன்ன நேரத்துலதான் அசைவு ஜாஸ்தி. வேகம் கூடிக் குறையாம ஒரே சீரா பதில் சொன்னவங்க, கடைசிப் பகுதியில இன்னும் அதிகமா அசைஞ்சிருக்காங்க. அசைஞ்சதாலதான் சரியா வந்துச்சுன்னு இது நிரூபிக்கல, ரெண்டும் சேந்து வருதுன்னு காட்டுது. விளக்கம் என்னன்னா, சலிப்பான வேலையில இந்த மூளையோட விழிப்பு சட்டுன்னு இறங்கும். அசைவு அதைத் தூக்கி நிறுத்துது. பழைய சைக்கிள் டைனமோ லைட்டு மாதிரி: மிதிச்சா எரியும், நிறுத்துனா மங்கும்.

அப்போ எந்த அசைவும் நல்லதா? இல்ல. இப்ப தோவாளை பூச்சந்தைக்கு வாங்க.

பிச்சிப்பூ கட்டுற கையைப் பாருங்க. இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு, நாரைச் சுத்தி ஒரு இறுக்கு. கண்ணு பூவுல இருக்காது. வாய் ஊர்க்கதை பேசும், காது பக்கத்து கடை விலையைக் கேக்கும். அதே தோவாளையிலதான் மாணிக்க மாலையும் கட்டுறாங்க. அரளிப்பூவை மடக்கி, நொச்சி இலை சேத்து, பாய் பின்னுற மாதிரி வரிசை வரிசையா. அங்க கண்ணை எடுத்தா வரிசை போச்சு! கவனத்துக்கு உதவுறது பிச்சி கட்டு மாதிரி, கண்ணும் யோசனையும் கேக்காத அசைவு. மாணிக்க மாலை தனி வேலை, அது கவனத்தையே தின்னுரும். 2017ல ஊரையே சுத்த வச்ச, விரல்ல வச்சுச் சுத்துற ஸ்பின்னர் பொம்மை பல பேருக்கு உதவாம போனது இதனாலதான். சுத்துறதைப் பாக்கணும்னு கண்ணு போயிரும். ரீல்ஸ் தள்ளுறதும் மாணிக்க மாலைதான், சாக்கு சொல்லாதீங்க. சோதனை சுலபம்: கண்ணை மூடிக்கிட்டு, பேசிக்கிட்டே செய்ய முடிஞ்சா பிச்சி.

மீட்டிங்குக்கு என் ஓட்டு சோழிக்கு. கன்னியாகுமரி கடற்கரைக் கடையில கிடைக்கும். கட்டைவிரல் நகத்தை விட கொஞ்சம் பெருசா ஒண்ணு எடுங்க. முதுகு வழுவழுப்பு, அடியில பல்லு பல்லா இருக்கும், ஒரே பொருள்ல ரெண்டு தடவல். சத்தமும் இல்ல. பேனாவை டக்கு டக்குன்னு அமுக்குனா உங்களுக்கு இசை, பக்கத்து சீட்டுக்கு சித்திரவதை.

ரெண்டு கையும் டைப் பண்ணுதா? காலுக்கு வேலை குடுங்க. பழைய சைக்கிள் டியூபை வெட்டி, நாற்காலியோட முன்னங்கால் ரெண்டுக்கும் குறுக்க, தரையில இருந்து ஒரு சாண் உயரத்துல கட்டி, பாதத்தால அமுக்கி அமுக்கி விடுங்க. தொளதொளன்னு கட்டுனா வழுக்கி இறங்கும். பிளாஸ்டிக் நாற்காலின்னா கால் வளையும், மரமோ இரும்போதான் சரி. எதுவா இருந்தாலும் கொஞ்ச நாள்ல புதுசு போயி சலிக்கும். ரெண்டு மூணு பொருளை மாத்தி மாத்தி வைங்க.

உணர்ச்சிக்கு வருவோம். கோவமும் மனத்தாங்கலும் சட்டுன்னு பொங்குறது இவங்களுக்கு ரொம்ப சகஜம். கோவத்துக்கு அழுத்திப் பிசையிறதும், பதட்டத்துக்கு மெல்லத் தடவுறதும் உதவுதுன்னு பலர் சொல்றாங்க. ஆனா கவனத்துக்கு இருக்குற அளவு ஆதாரம் இதுக்கு இல்ல. ஸ்பாஞ்ச் பந்தை அஞ்சு எண்ணுற வரைக்கும் இறுக்கிப் பிடிச்சு, மூச்சை விட்டுக்கிட்டே மெல்லத் தளத்துங்க. அஞ்சு தடவை. பதிலை அதுக்கப்புறம் டைப் பண்ணலாம்! நகத்தை ரத்தம் வர கடிக்கிறது, முடியைப் பிடுங்குறது வேற கணக்கு, டாக்டரைப் பாக்கணும். காலை ஆட்டுற எல்லாருக்கும் ஏ.டி.ஹெச்.டி.யும் இல்ல, சோழி மாத்திரைக்கு மாற்றும் இல்ல.

சரி, இந்த வீடியோ ஓடுன நேரம் முழுக்க உங்க கை என்ன செஞ்சுது? கமெண்ட்ல போடுங்க. "கமெண்டைத்தான் படிச்சிட்டிருந்தேன்"னு எழுதுறவங்க தோவாளைக்குத் திரும்பப் போங்க.